மூணாறு தேயிலை அருங்காட்சியகம்: போடி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேனி, போடி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களில் எஸ்டேட் வேலைக்கு மலையேறிப் போய், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுக் கீழே இறங்கி வந்த குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட பெரியவர்கள் சிலரையும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள கண்ணன் தேவன் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அருங்காட்சியகத்தைப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் போதும். ஆனால் வண்டிக்கான அனுமதி, சாவடி, விடுமுறை நாள், மலைப்பாதையின் நிலை, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட வேறோர் இடம் என்று அதைச் சுற்றியிருந்த ஏற்பாடுகள்தான் எங்களைப் படாதபாடு படுத்தின. அடுத்து போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய நாளை அருங்காட்சியகத்தை நடுவில் வைத்தே திட்டமிடுங்கள். மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், ராஜமலை எல்லாம் பார்த்துவிட்டு நேரம் மிச்சமிருந்தால் இங்கே வரலாம் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு கூட்டம் வேண்டாம் என்று திங்களைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தப் பயணத்துக்கு அது உதவாது. செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களே நல்லவை. வெள்ளி மாலையிலிருந்தே கொச்சி, கோவைப் பக்கத்து வண்டிகள் மூணாறுக்குள் நுழையத் தொடங்கிவிடும்.

பருவத்தையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் மண்சரிவு ஏற்பட்டுப் பாதை அடைபடுவதும், மாவட்ட நிர்வாகம் மலைப்பகுதிப் பயணத்துக்குத் தடை விதிப்பதும் வழக்கம். அக்டோபர், நவம்பரில் போடி மெட்டுச் சரிவில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். ஓணம், கிறிஸ்துமஸ், ஏப்ரல், மே விடுமுறைகளில் ஊருக்குள் நுழையவே ஒரு மணி நேரம் ஆகும். பெரியவர்களோடு போவதற்கு ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் ஏற்றவை. காலைக் குளிர் கடுமையாக இருந்தாலும் வானம் தெளிந்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும்.

கேரளத்தில் முழு அடைப்பு அறிவித்தால் அது உண்மையிலேயே முழு அடைப்பாக இருக்கும். இடுக்கி மாவட்டத்துக்கு மட்டும் என்று அறிவிக்கும் கடையடைப்புச் செய்தி தமிழகப் பத்திரிகைகளில் வராமலே போகலாம். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மூணாறில் இருக்கும் யாரிடமாவது, தெரிந்தவர் இல்லையென்றால் ஒரு ஹோட்டலுக்கோ ஆட்டோ ஸ்டாண்டுக்கோ போன் செய்து, "நாளைக்கு அடைப்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் எங்கும் செல்லும், தயங்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கும் அதே மாலையில் போன் செய்து, திறந்திருக்கிறதா, கடைசி நுழைவு எத்தனை மணிக்கு, அன்றைய கட்டணம் என்ன என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள்.

2. எந்த வழியாகப் போவது

தேனியிலிருந்து போடி 15 கி.மீ.; போடியிலிருந்து முந்தல், போடி மெட்டு, பூப்பாறை, பெரியகானல், தேவிகுளம் வழியாக மூணாறு ஏறக்குறைய 70 கி.மீ. இது கொச்சியிலிருந்து தொண்டி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85இன் ஒரு பகுதி. முந்தலுக்கு மேல் போடி மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்தான் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்காகவும் தேநீருக்காகவும் நிறுத்தி நிதானமாகப் போக முடியும்.

பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் இடையில் கேப் ரோடு என்று சொல்லப்படும் பாறை வெட்டிய பகுதி இருக்கிறது. மழைக்காலத்தில் பாறை சரிந்து அடிக்கடி அடைபடுவது இந்த இடம்தான். அடைபட்டிருந்தால் பூப்பாறையிலிருந்து ராஜகுமாரி, குஞ்சித்தண்ணி வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம். கூடுதலாக ஒரு மணி நேரமாவது பிடிக்கும். இதையும் முதல் நாளே விசாரித்துவிட்டால் வழியில் திகைத்து நிற்க நேராது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது ரயில் வசதி இருக்கிறது. மதுரை போடி அகலப்பாதை 2022இல் தேனி வரையிலும் 2023 ஜூனில் போடி வரையிலும் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயிலும் வாரத்தில் சில நாள்கள் ஓடுகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழி அருகில் இருக்கும். அதுவும் 90 கி.மீ.க்குள்தான், ஆனால் பாதி வழி காடு.

பேருந்தில் போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். கேரள அரசுப் பேருந்து நிலையம் பழைய மூணாறில் இருக்கிறது. தமிழகப் பேருந்துகள் கடைவீதிப் பக்கம் நிற்கும். இரண்டுக்கும் இடையில் நல்ல தூரம் இருப்பதால், திரும்பி வரும் பேருந்து எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இறங்கியவுடனேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் ஜீப்காரர்கள் கேட்கும் தொகைதான் கூலி.

3. வண்டி: அதிகம் அடிபடும் இடம் இதுதான்

சொந்தக் கார் என்றால் தொல்லை குறைவு. பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். மாநிலம் தாண்டுவதற்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். நம் ஊரில் பலரும் புகைச் சான்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேரளத்தில் வண்டியை நிறுத்தினால் அதையும் கேட்பார்கள். தேதி முடிந்திருந்தால் போடியிலேயே எடுத்துவிடுங்கள், கால் மணி நேர வேலைதான்.

வாடகை வண்டி என்றால் மூன்று வகையான பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுப்பது. "தெரிஞ்சவர் வண்டிதான், சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லி இருநூறு, முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுப்பார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியைக் கூலிக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது: மலைப்பாதையில் ஏதாவது நேர்ந்தால், கூலிக்கு ஓடிய சொந்த வண்டி என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி உண்டு. வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த முந்நூறு ரூபாய் மிச்சம் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, மஞ்சள் பலகை வண்டிதான் என்றாலும் கேரளத்துக்கு வரி கட்டாமல் கிளம்புவது. தமிழக எல்லைக்குள் மட்டும் ஓட அனுமதி பெற்ற வேன், கேரளத்துக்குள் நுழைய நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தற்காலிகச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். கேரள வரியையும் கட்டியிருக்க வேண்டும். அகில இந்தியச் சுற்றுலா அனுமதி உள்ள வண்டிகளுக்குச் சிறப்பு அனுமதி தேவையில்லை. வரியைப் பரிவாகன் இணையதளத்தில் சோதனைச் சாவடி வரிப் பகுதிக்குப் போய், கேரளத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்டலாம். இருக்கைகளின் எண்ணிக்கையையும் தங்கும் நாள்களையும் வைத்துத் தொகை வரும். எனவே பயணத் தேதியை ஒரு நாள் தள்ளி வைத்தால் முன்பு கட்டிய ரசீது செல்லாமல் போகக்கூடும்.

நாங்கள் பேசிய வண்டிக்காரர், வரியெல்லாம் கட்டியாகிவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி எங்களை ஏற்றிக்கொண்டார். எல்லையில் கேட்டபோது அவரிடம் இருந்தது முடிந்துபோன தேதியில் ஒரு ரசீது. குளிரில் பெரியவர்கள் சாலையோரத்தில் நிற்க, சிக்னல் கிடைக்காத மலையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரி கட்டுவதற்குள் காலைப் பொழுது கழிந்துவிட்டது. ஆகையால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அனுமதி, வரி ரசீது இரண்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கி, வண்டி எண்ணும் தேதியும் சரிதானா என்று நீங்களே படித்துப் பாருங்கள். நல்ல வண்டிக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, பேசிய கூலியில் எது அடக்கம் என்று தெளிவாகக் கேட்காமல் விடுவது. கேரள வரி, சிறப்பு அனுமதிக் கட்டணம், லாக்ஹார்ட் பக்கத்துச் சுங்கச்சாவடி, வாகன நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் படி ஆகிய ஐந்தும் உள்ளடங்கிய தொகையா, தனியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். சேர்த்துச் சொன்னது என்று நீங்களும், தனி என்று அவரும் நினைத்திருந்து, இரவு வீடு திரும்பிய பிறகு வாசலில் நின்று வாதாடுவது யாருக்கும் நல்லதில்லை.

இன்னொன்றும் உண்டு. கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் கேமராக்கள் வழியாக அபராதம் விதிக்கிறார்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் 500 ரூபாய், ஹெல்மெட் இல்லாவிட்டால் 500, வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் 2,000. யாரும் கையைக் காட்டி நிறுத்த மாட்டார்கள். சீட்டு உங்கள் போனுக்கு வரும். இருசக்கர வாகனத்தில் போகும் இளைஞர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டியவை

வண்டிக் காகிதங்களை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் சட்டப்படி செல்லும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். முந்தலுக்கு மேல் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், ஒரு பிரதியை அச்சிட்டு வண்டியிலேயே வைப்பதுதான் பத்திரம். பயணிகள் ஒவ்வொருவருக்கும் ஆதார் அட்டை இருக்கட்டும். சிறப்பு அனுமதியில் போகும் வேனுக்குப் பயணிகள் பெயர்ப் பட்டியல் தேவை. கடைசி நிமிடத்தில் ஒருவர் மாறினால் பட்டியலையும் மாற்றுங்கள்.

பணம் எடுப்பதைப் போடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மூணாறில் ஏ.டி.எம். உண்டு, விடுமுறை நாளில் அதில் பணம் இருக்குமா என்பது உங்கள் யோகத்தைப் பொறுத்தது. பெரியவர்களின் மாத்திரைகள், குளிருக்கு ஸ்வெட்டர், காதை மூட ஒரு மஃப்ளர், குடை ஆகியவற்றோடு குடிநீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். கேரள மலைச் சுற்றுலா இடங்களில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு உயர் நீதிமன்றம் 2025இல் தடை விதித்திருப்பதால், சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் கொண்டுபோனால் சிக்கல். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் வாழை இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டிக்கொள்ளலாம்.

5. புறப்படும் நேரம்

போடியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பினால் வளைவுகளில் எதிர்வரும் லாரிகளும், ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும் கூடுவதற்கு முன்பே போடி மெட்டைத் தாண்டிவிடலாம். அந்த ஜீப்புகளுக்கு எப்போதும் வழி விடுங்கள். நாள்தோறும் அந்தப் பாதையில் போய்வரும் ஓட்டுநர்கள் அவர்கள், நேரத்துக்கு ஆள்களை இறக்கிவிட வேண்டியவர்கள்.

தலைசுற்றல் வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் ஆகாது; இரண்டு இட்லி போதும். கழிப்பறைத் தேவையைப் போடியிலேயே முடித்துக்கொண்டு, அடுத்ததாகப் பூப்பாறையில் நிறுத்துங்கள். பெட்ரோலையும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

6. சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வது

"டீ மியூசியம் போகணும்" என்று மட்டும் சொன்னால் வேறு இடத்துக்குப் போய்விட வாய்ப்பிருக்கிறது. தேவிகுளத்துக்கு முன்பாக நெடுஞ்சாலையை ஒட்டி லாக்ஹார்ட் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும் ஒரு தேயிலை அருங்காட்சியகம் உண்டு. அதுவும் பார்க்கத்தக்கதே, ஆனால் இந்த வழிகாட்டி சொல்லும் இடம் அது ஆகாது. "நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற கண்ணன் தேவன் மியூசியம்" என்று எஸ்டேட்டின் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள். மூணாறு கடைவீதியிலிருந்து சுமார் 2 கி.மீ. தூரம், ஆட்டோவில் போகலாம், நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகலாம். சாலை குறுகலானது. பெரிய பேருந்தில் வருகிறவர்கள் ஊரிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோக்களில் போவதே நல்லது.

தேயிலைத் தொழிற்சாலை காட்டுகிறேன், மசாலாத் தோட்டம் காட்டுகிறேன் என்று வழியில் கடைகளில் கொண்டுபோய் நிறுத்தும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அங்கே விற்பனைக்கு ஏற்ப அவர்களுக்குத் தரகு கிடைக்கும். நமக்குப் போவது நேரம். மியூசியத்தைப் பார்த்து முடித்த பிறகு போகலாம் என்று மென்மையாகச் சொல்லிவிடுங்கள்.

7. நுழைவுச்சீட்டும் கட்டணமும்

கட்டணத்தில் பெரியவர், சிறுவர் என்று வேறுபாடு உண்டு. புகைப்படக் கேமராவுக்குத் தனிச் சீட்டு. கட்டணம் அவ்வப்போது உயர்வதால், பழைய பயணக் கட்டுரைகளில் காணும் 75, 100 என்ற தொகைகளை வைத்துக் கணக்குப் போடாமல், முதல் நாள் போனில் கேட்ட தொகையையே நம்புங்கள். கூட்டமாகப் போனால் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து வரிசையில் நின்று வாங்கலாம். தலைகளைச் சரியாக எண்ணிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

பத்து மணி, பத்தரை மணிக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் நெரிசலில்லாமல் பார்க்கலாம். மாலை நான்கு மணியை ஒட்டிச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அரை மணி நேரம் ஓடும் ஆவணப்படம் ஒன்று காட்டப்படும். அது தொடங்கும் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொண்டால், மற்ற அறைகளை அதற்கு ஏற்ப முன்னும் பின்னுமாகப் பார்க்கலாம். படம் முடிந்ததும் கூட்டம் மொத்தமாக எந்திரங்கள் இருக்கும் பகுதிக்குத்தான் போகும். அதனால் எந்திரங்களை முதலிலும் படத்தைப் பிறகும் பார்ப்பது என் யோசனை.

8. உள்ளே எதை நின்று பார்க்க வேண்டும்

வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள்தான் "அங்கே ஒண்ணுமில்லை" என்று சொல்கிறார்கள். நான்கு இடங்களில் கட்டாயம் நிதானமாக நில்லுங்கள்.

முதலில் கருங்கல் சூரியக் கடிகாரம். 1913இல் இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளியில் செய்து மலைக்குக் கொண்டுவரப்பட்டது. வெயில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், மஞ்சு (மூடுபனி) இறங்கிவிட்டால் நிழல் விழாது. பிள்ளைகளிடம் கைக்கடிகாரத்தையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடிகாரங்கள் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. மூணாறு 77 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், திருத்தம் செய்யாத சூரியக் கடிகாரம் எதுவும் அங்கே சராசரியாக 22 நிமிடம் பின்தங்கியே காட்டும். மாதத்துக்கு மாதம் அது சற்றுக் கூடும், குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை ஒரு கல்லின் மேல் கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது பெல்ட்டன் சக்கரம். கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்டது. சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக இருக்கும் இரும்புக் கிண்ணங்களைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கிண்ணமும் நடுவில் ஒரு கூர்மையான விளிம்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். மலையின் மேலிருந்து குழாயில் இறங்கி வரும் நீர், ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பீய்ச்சி அந்த விளிம்பில் மோதி, இருபுறமும் வளைந்து வந்த திசையிலேயே திரும்பும். அப்படித் திரும்புவதால்தான் நீரின் வேகம் ஏறக்குறைய முழுவதும் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. தண்ணீர் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் உள்ள மலைக்கு இதைவிடப் பொருத்தமான சக்கரம் இல்லை.

மூன்றாவது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் எஞ்சிய சக்கரம். போடிக்காரர்கள் இதன் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அந்தச் சிறு ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. 1924 வெள்ளத்தில் பாதை அடித்துச் செல்லப்பட்டதோடு ரயில் நின்றுபோயிற்று. குரங்கணிப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் கேட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கும் இடம் இதுதான்; குறுக்கே பேசாமல் கேளுங்கள், முடிந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, 1905ஆம் ஆண்டின் பழைய உருளை எந்திரமும் அதை அடுத்துச் செய்முறையாகக் காட்டப்படும் தேயிலைத் தயாரிப்பும். வாடிய கொழுந்து, பல் வைத்த இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே போகிறது. உருளைகளில் ஒன்று மெதுவாகவும் மற்றொன்று மிக வேகமாகவும் எதிரெதிராகச் சுற்றுவதால் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுகிறது. விழும்போது பச்சையாக இருக்கும் அது, காற்றுப் படப்பட நிறம் மாறிச் செம்புக் காசின் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் எழும் வாசனையை எந்தக் கடைத் தூளிலும் முகர முடியாது. பிறகு சூடான காற்றில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நான்கு முதல் ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும். விளக்கம் சொல்பவரிடம் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்திரம் ஓடும்போது சத்தமும் தூசியும் இருக்கும் என்பதால், இழுப்பு நோய் உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

துரைமார் பங்களாக்களில் இருந்த நாற்காலிகள், மரக் குளியல் தொட்டி, தட்டச்சு எந்திரம், கைக் கணக்கு எந்திரம், பழைய தொலைபேசிகள் ஆகியவை தனி அறையில் இருக்கின்றன. அவற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைக் கண்ணாடிப் பெட்டியைவிட உங்களோடு வந்திருக்கும் பாட்டியே நன்றாகச் சொல்வார். தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமந்த விதம், மஸ்டரில் (வருகைப் பதிவில்) பெயர் கூப்பிடும் நேரம், எடை போடும்போது கங்காணி கழிக்கும் கழிவு இவற்றையெல்லாம் பேரப்பிள்ளைகள் கேட்கும்படி அங்கேயே பேச விடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போகச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

9. தேயிலை வாங்கும்போது

சுவைத்துப் பார்க்கும் இடத்தில் கொடுக்கும் தேநீரைப் பால் இல்லாமல் முதலில் குடியுங்கள். அப்போதுதான் இலைத் தேயிலைக்கும் தூளுக்கும் உள்ள வேறுபாடு நாக்கில் தெரியும். நம் வீட்டில் பால் ஊற்றிக் கொதிக்க வைத்துக் குடிக்கிற பழக்கத்துக்குத் தூளே ஏற்றது. விலை கூடிய முழு இலையை வாங்கிப் பாலில் கொதிக்க வைப்பது பணத்தை வீணாக்குவது. பொட்டலத்தில் தயாரித்த மாதம் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்தவுடன் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், ஏலக்காயோடு ஒரே பையில் போட்டு வைத்தால் தேயிலை அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.

10. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

வேலை ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மாநிலம் தாண்டும் சுற்றுலா என்பதால் கல்வித் துறை அனுமதி, ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் கையெழுத்திட்ட ஒப்புதல், ரத்த வகையும் அவசரத் தொலைபேசி எண்ணும் சேர்த்த மாணவர் பட்டியல், மாணவியர் இருந்தால் உடன்வரும் ஆசிரியையின் பெயர் ஆகியவை தேவை. அருங்காட்சியகத்துக்குப் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் தேதி, நேரம், எண்ணிக்கை குறித்து முன்கூட்டியே எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக உள்ளே நுழைந்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றைப் படத்துக்கும் மற்றதை எந்திரங்களுக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

11. திரும்பும் வழி

வந்த வழியே திரும்புவதென்றால் மூணாறை மூன்று மணிக்குள் விட்டுவிடுங்கள். மாலையில் கேப் ரோட்டில் மஞ்சு இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது.

உடுமலைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு மூணாறிலிருந்து 40 கி.மீ. தூரத்தில் மறையூர் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரை (வெல்லம்) காய்ச்சும் கரும்பாலைகளை அங்கே பார்க்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனால் போதும். பாகு காய்ச்சும் பெரிய கொப்பரையின் அருகில் பிள்ளைகளை விடாதீர்கள், தெறித்தால் தோல் உரிந்துவிடும். பாகை மரத் தொட்டியில் ஊற்றி ஆற்றி, சூடு பொறுக்கும் பதத்தில் கையாலேயே உருட்டுவார்கள். அந்த உருண்டைகளில் விரல் தடம் பதிந்திருக்கும். அச்சில் வார்த்த சதுரக் கட்டிகளை அதே பெயரில் விற்றால் வாங்காதீர்கள். சாலையோரக் கடையைவிட ஆலையிலேயே வாங்குவது விலையும் குறைவு, சரக்கும் நிச்சயம்.

ஆலையில் அதிக நேரம் நின்றுவிட வேண்டாம். மறையூரைத் தாண்டினால் சின்னாறு வனப் பகுதியும் அதையடுத்து ஆனைமலைப் புலிகள் காப்பகமும் தொடங்கும். வனச் சாவடிகளில் வண்டி எண்ணைப் பதிவு செய்ய நிறுத்துவார்கள். நடுவில் படம் பிடிக்கவோ உணவு சாப்பிடவோ இறங்கக் கூடாது. மாலையில் யானைகள் தண்ணீருக்காகச் சாலையைக் கடக்கும் பகுதி அது. யானை நின்றால் ஒலிப்பான் அடிக்காமல், விளக்கை ஏற்றி இறக்காமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். நான்கரை மணிக்கு மறையூரை விட்டால் வெளிச்சம் இருக்கும்போதே காட்டைக் கடந்து அமராவதிப் பக்கம் வந்துவிடலாம்.